மேடைச் சிரிப்பைத் திரைக்குக் கொண்டுவருதல்

பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றைச் சின்னச் செலவில் படமாக்க நினைப்பவருக்கு நூம்பல் தோதான ஊர். வடக்கே வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலை. தெற்கே ஐயப்பன்தாங்கல். கிழக்கே போரூரைத் தாண்டிவிட்டால் சாலிகிராமம், வடபழனி. விக் கட்டுகிறவரிலிருந்து பழைய நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் வரை அந்தப் பக்கம்தான். மேற்கே செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், அனகாபுத்தூர் வழியாகப் பல்லாவரம் போகும் பேருந்தில் ஏறினால் பம்மல் வரும். இந்த அத்தியாயத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளப் போகிற நாடகாசிரியரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது.

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வக்கீல், பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி. பகலில் வழக்கு, மாலையில் ஒத்திகை. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1891-இல், படித்தவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் சேர்த்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 90-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவற்றில் இன்றும் கிழடு தட்டாதது 'சபாபதி'. பணக்கார முதலியார் வீட்டுப் பிள்ளை ஒரு மண்டு. அவனுக்கு வாய்த்த வேலைக்காரன் அவனைவிட மண்டு. இருவர் பெயரும் சபாபதி. இவ்வளவுதான் முதல். இதை வைத்தே பாகம் பாகமாக எழுதித் தள்ளினார். 'சபாபதி ஜமீந்தார்', 'சபாபதி துவிபாஷி', கடைசியில் சினிமாவையும் விடாமல் 'சபாபதி முதலியாரும் பேசும் படமும்'.

1941-இல் ஏ.வி. மெய்யப்பன், ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இதைப் படமாக இயக்கினார். டி.ஆர். ராமச்சந்திரன் எசமான் சபாபதி, காளி என். ரத்னம் வேலைக்கார சபாபதி. அதே ஆண்டில் சம்பந்த முதலியாரின் இன்னொரு கேலி நாடகமும் படமானது: அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட 'சந்திரஹரி', என்.எஸ். கிருஷ்ணன் நடித்தது. ஆக, நீங்கள் செய்யப்போவது புது முயற்சி ஒன்றும் கிடையாது. வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து நடந்தால் போதும்.

அந்த மேடு பள்ளங்களில் பெரியது ஒன்று. நாடகத்தைப் படமாக்க உட்காரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் செய்வது, கதையை வீட்டைவிட்டு வெளியே இழுத்துக்கொண்டு போவது. மேடையில் ஒரே கூடம் இருந்ததால் படத்தில் கடற்கரை, சந்தை, ரயில்வே ஸ்டேஷன் என்று சேர்ப்பார்கள். 'சினிமாட்டிக்காக' இருக்குமாம். அதற்குச் செலவாகும் பணமும் நாளும் போகட்டும், சிரிப்பு போய்விடுகிறது. நாடகத்தில் எந்த இடத்தில், எதனால் சிரித்தார்கள் என்று கண்டுபிடித்து, அதே சிரிப்பைக் கேமராவால் வரவழைப்பதுதான் உங்கள் வேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் காகிதம்

உரிமை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். சம்பந்த முதலியார் 1964-இல் காலமானார். 2024-உடன் அந்தக் கணக்கு முடிந்தது. அதற்கு முன்பே அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே நாடகத்தைத் தொடலாம். ஆனால் 1941 படம் வேறு சொத்து. படத்துக்காகச் சேர்த்த காட்சி, வசனம், பாட்டு எதையாவது அப்படியே எடுக்க ஆசைப்பட்டால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் யோசனை: நாடகத்தை முழுவதும் படித்துக் காட்சிப் பட்டியல் போட்டு முடிக்கும்வரை படத்தைத் திரும்பப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் ரத்னத்தின் குரல் காதைவிட்டுப் போகாது. உங்களை அறியாமலே திருடுவீர்கள்.

பிற்கால நாடகங்கள் என்றால் கதை வேறு. கே. பாலசந்தர் 2014-இல் மறைந்தார், அவர் நாடகங்களின் உரிமை 2074 முடியும்வரை வாரிசுகளிடம். கிரேஸி மோகன் 2019, அது 2079. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள். தெரிந்தவர், நல்லவர், வாய்வார்த்தையே போதும் என்று இறங்கி, படம் முடிந்தபின் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று பென்சில்

நாடகத்தை மூன்று பென்சில்களோடு படியுங்கள். வார்த்தையால் வரும் சிரிப்புக்குச் சிவப்பு. உடம்பால், பொருளால் வரும் சிரிப்புக்கு நீலம். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாததால் வரும் சிரிப்புக்குப் பச்சை.

பழைய நாடகப் புத்தகத்தில் பக்கமெல்லாம் சிவப்பாகும். அச்சில் மிஞ்சுவது வார்த்தைதானே. அதில் பாதி இன்று செல்லாது. துவிபாஷி (மொழிபெயர்ப்பாளர்) உத்தியோகம் என்ன என்று தெரியாத இளைஞனுக்குத் துவிபாஷி ஜோக்கை அடிக்குறிப்போடா காட்ட முடியும்? விட்டுவிடுங்கள். நீலம் குறைவாகத்தான் தென்படும், ஏனென்றால் நடிகர் மேடையில் செய்ததை ஆசிரியர் எழுதிவைக்கவில்லை. அதை நீங்கள்தான் கண்டெடுக்க வேண்டும். பச்சைதான் உங்கள் மூலதனம். ஒரே பெயரில் இருவர் இருப்பது பச்சை. யாரோ ஒருவர் 'சபாபதி' என்று கூப்பிடுகிறார். கூப்பிட்டது யாரை என்று நமக்குத் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியாது. இந்த வகைச் சிரிப்புக்கு வயதே ஆவதில்லை. எந்த ஊர், எந்தக் காலம் என்றாலும் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. சபாபதி வரிசை, ஒரு சம்பவம் முடிந்து அடுத்த சம்பவம் என்று போகிற கேலித் துண்டுகள். மேடையில் அதில் குறையே இல்லை. படம் 20-ஆவது நிமிடத்துக்குமேல் முதுகெலும்பு கேட்கும். 1941 படக்காரர்கள் திருமணத்தை எலும்பாக்கினார்கள். படித்த மனைவி சிவகாமியாக ஆர். பத்மா வந்து, மண்டுக் கணவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். வேலைக்காரனுக்கும் குண்டுமுத்து என்று ஒரு ஜோடி, சி.டி. ராஜகாந்தம். புத்திசாலிப் பெண் ஒருத்தி உள்ளே வந்ததும், அதுவரை வெறுமனே முட்டாள்தனமாக இருந்தது ஆபத்தான முட்டாள்தனமாகிறது. இப்போது தோற்பதற்கு அவனுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. நீங்களும் அந்த மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்காமல் திரைக்கதையில் இறங்க வேண்டாம்.

ஒரு சோடா பாட்டில்

பயிற்சிக்காக ஒரு காட்சியை எழுதிப் பார்க்கலாம். இது நாடகத்தில் உள்ளதல்ல, அதே தினுசில் நான் எழுதியது.

எசமான்: டேய், போய் ஒரு சோடா உடைச்சிக்கிட்டு வாடா.
வேலைக்காரன்: எத்தனை துண்டா எசமான்?
எசமான்: (பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்) ஒண்ணே ஒண்ணு போதும்.

மேடையில் இது எப்படி நடக்கும்? வேலைக்காரன் படுதாவுக்குப் பின்னால் போவான். கண்ணாடி உடைகிற சத்தம். சபை சிரிக்கும். உடைந்த பாட்டிலின் கழுத்தை மட்டும் ஏந்திக்கொண்டு திரும்பி வருவான். மறுபடி சிரிப்பு. கையை விரித்தால் கோலி. மூன்றாவது சிரிப்பு, அதுதான் பெரியது.

புதிதாகப் படமெடுக்கிறவர் என்ன செய்வார்? கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலைக்காரன் பின்னாலேயே ஓடுவார். சமையலறை, அம்மிக்கல், ஓங்கிய கை, சில்லாகச் சிதறும் கண்ணாடி, ஸ்லோ மோஷன் வேறு. எல்லாம் அழகாக இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். உடைப்பதைக் காட்டிவிட்டால் பார்க்கிறவருக்கு ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. படுதா மறைத்ததை நீங்களும் மறைக்க வேண்டும். கேமராவை எசமானோடு விட்டுவிடுங்கள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து சத்தம். தலையெடுக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்புகிறார். திருப்பிய பிறகு கை நிற்கிறது. இந்த நின்ற கை மேடையில் கடைசி வரிசைக்குத் தெரியாது. அதனால் மேடை நடிகர் துள்ளி எழுந்திருப்பார். திரையில் துள்ளவே வேண்டாம். கண் மட்டும் பேப்பருக்கு மேலே வந்தால் போதும். கோலியைக் காட்டும்போதுதான் குளோசப்; அதற்கு முன்னால் ஒன்றுகூட வைக்காதீர்கள்.

வேலைக்காரனை முழு உருவமாக, வாசற்படியில் நிறுத்தி எடுங்கள். காமெடி நடிகரின் பாதி நடிப்பு முழங்காலுக்குக் கீழே. அவரை நெஞ்சுவரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு 'மொக்கையாக இருக்கிறது' என்று புலம்புகிறவர்கள் உண்டு. பெயர்க் குழப்பக் காட்சிகளிலும் இதே விதிதான். இரண்டு சபாபதிகளும் ஒரே ஃபிரேமில் நிற்க வேண்டும். கூப்பிட்டதும் இரண்டு தலை ஒரே நேரம் திரும்புவதுதான் காட்சி. இவனுக்கு ஒரு ஷாட், அவனுக்கு ஒரு ஷாட் என்று வெட்டினால், இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள் என்பதை நடிகர்கள் செய்யவில்லை, எடிட்டர் செய்தார் என்றாகிவிடும். ரசிகருக்கு அது உள்ளுக்குள் தெரியும்.

வீட்டைப் பூட்டிவையுங்கள்

ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' 1895-இல் மேடையேறிய நாடகம். அதிலும் பெயர்க் குழப்பம்தான். 1952-இல் அந்தனி அஸ்க்வித் படமாக்கியபோது, ரசிகர்கள் தியேட்டரில் வந்து உட்கார, படுதா எழும்புவது போலவே தொடங்கினார். இது நாடகம்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, வசனத்தையும் முகங்களையும் நம்பினார். 2002-இல் ஆலிவர் பார்க்கர் அதையே எடுத்தபோது ஒரு கனவான் சூடான காற்று பலூனில் பறந்து வந்து தோட்டத்தில் இறங்கினார். பலூன் நினைவிருக்கிறது. அவர் இறங்கியதும் என்ன பேசினார் என்பது எனக்கு நினைவில்லை.

நம் ஊரில் கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) இதற்கு நல்ல பாடம். பல குடித்தனங்கள் உள்ள ஒரே வீடு. மாடிப்படிக்கு அடியில் அனாதை மாது. அவன் படிக்கு அடியில் கிடக்கிறான், மற்ற எல்லோரும் அவன் தலைக்குமேல் ஏறி இறங்குகிறார்கள் என்பதை மேடையில் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். படத்தில் அந்தப் படியை விட்டு அவர் வெளியே ஓடவில்லை. படியையே பல கோணத்தில் பயன்படுத்திக்கொண்டார். வீடு சின்னதாக இருந்ததால்தான் கிட்டு மாமாவும் பட்டு மாமியும் மற்றவர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள முடிந்தது.

இன்னமும் சந்தேகமா? ஈ.வி.பி. வளாகத்தில்தான் தமிழ் பிக்பாஸ் வீட்டைப் போட்டார்கள். சில பேரை ஒரே வீட்டுக்குள் நூறு நாள் பூட்டி வைத்ததை ஊரே பார்த்தது. அவுட்டோர் இல்லையே என்று ஒருவரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதற்காகக் கேமராவை முதல் வரிசை நாற்காலியில் கட்டிப்போட வேண்டாம். நாடகத்துக்கு மூன்று சுவர். உங்களுக்கு நாலாவது சுவரும் உண்டு, அதில் ஜன்னலும் உண்டு. கூடத்திலிருந்து சமையலறை தெரிய வேண்டும், சமையலறையிலிருந்து கொல்லை தெரிய வேண்டும். வீடு தேடும்போது பழைமையான தூண்களைப் பார்த்து மயங்காமல், ஒரு வாசல் வழியாக இன்னொரு வாசல் தெரிகிறதா என்று பாருங்கள். நுழைவதும் வெளியேறுவதும்தான் கேலி நாடகத்தின் மூச்சு. குன்றத்தூர், பூந்தமல்லிப் பக்கம் திண்ணையும் முற்றமும் மிஞ்சிய வீடுகளைத் தேடுங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற ஆள்தான் உங்கள் யூனிட்டில் முக்கியமானவர்.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள். நூம்பல் பகலில் சரித்திரப் படத்துக்கு லாயக்கில்லை. நெடுஞ்சாலை லாரி, வேலப்பன்சாவடிப் பக்கம் போகும் ஆம்புலன்ஸ், பக்கத்துத் தெருவில் டைல்ஸ் அறுக்கும் மெஷின். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். காமெடியை டப்பிங்கில் பிடிப்பது கஷ்டம். அந்தக் கணத்தில் வந்த தயக்கம் மறுபடி வராது. வசனக் காட்சிகளை இரவு பத்துக்குமேல் வைத்துக்கொண்டு, பகலில் ஊமைக் காட்சிகளை எடுங்கள்.

எந்த ஆண்டு?

1941-இல் 'சபாபதி'யைப் பார்த்தவருக்கு அது சமகாலப் படம். திரையில் தெரிந்த சட்டை அவர் போட்டிருந்த சட்டை. நமக்கோ அது சரித்திரம். அதனால் அவர்களுக்கு இல்லாத வேலை ஒன்று நமக்கு உண்டு: ஆண்டைத் தீர்மானிப்பது. 'அந்தக் காலம்' என்று ஒரு காலம் கிடையாது. ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதுங்கள்.

1906 என்று வைத்துக்கொண்டால் சென்னையில் டிராம் ஓடுகிறது, ரேடியோ கிடையாது, பேசும்படம் கிடையாது. அந்த அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பல குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. கதையில் வரும் முதலியார் பணத்தை அங்கே போட்டிருந்தார் என்று ஒரு வரி சேர்த்தால், நான் மேலே சொன்ன முதுகெலும்பு கிடைத்துவிடும். மகனுக்கு விஷயத்தைச் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அதனால் அவனிடம் மட்டும் மறைக்கிறார்கள். முழுக்கப் பச்சைப் பென்சில்.

ஆனால் என் ஓட்டு 1942-க்கு. காரணம் சொல்கிறேன். 'சபாபதி' வெளிவந்தது 1941 டிசம்பரில், ஜப்பான் போரில் குதித்த அதே மாதத்தில். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தபின் சென்னை காலியாகத் தொடங்கியது. வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு கிராமங்களின் பக்கம் கிளம்பினார்கள். நம் முதலியார் குடும்பமும் மூட்டை முடிச்சோடு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். எங்கே? இங்கே, நூம்பலில், அப்போது அது வயலும் குளமுமாக இருந்த கிராமம். எதற்காக எல்லோரும் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பட்டணத்து எசமானுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தெரியாது, வேலைக்காரனுக்கும் தெரியாது. அதோடு விளக்கணைப்பு உத்தரவு. இருட்டில் இரண்டு சபாபதிகள்! லைட் செலவு குறையும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அபார்ட்மெண்டும் செல்போன் டவரும் இருட்டில் மறையும். நாடகத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். குணத்தையும் பெயர்க் குழப்பத்தையும் தொடாமல் சூழ்நிலையை மட்டும் மாற்றினால் மூலத்துக்குத் துரோகமில்லை. சம்பந்த முதலியாரே அதே ஆளைப் பேசும்படக் கொட்டகை வரைக்கும் அழைத்துப் போனவர்.

ஆண்டை எழுதியபின் ஆர்ட் டைரக்டரிடம் கண்டிப்பாக இருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. வேலைக்காரன் பாக்கிச் சில்லறை எண்ணும் காட்சியில் இந்தக் கணக்கு தப்பினால் பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள். அதே சமயம், பழம்பொருளையே ஜோக்காக்காதீர்கள். கிராமபோனைக் காட்டிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருக்கும் படங்கள் சலிப்பூட்டுகின்றன. அந்த வீட்டு ஆட்களுக்குக் கிராமபோன் சாதாரணம். பொருள்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிற்கட்டும். மனிதர்கள் மட்டும் அசடு வழியட்டும். வசனமும் அப்படியே. 'அடியேன்', 'தேவரீர்' என்று தூவினால் பழைமை வந்துவிடாது. முதலியார் வீட்டுப் பேச்சு எளிமையானது, 'ஏண்டா', 'என்னாங்க' என்று இன்றைக்கும் காதில் விழுவது. இன்றைய சொல்லை எடுத்துவிட்டாலே பாதிக் காலம் வந்துவிடும்.

சிரிப்புக்கு இடம்விடுதல்

மேடை நடிகருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜோக் சொன்னதும் சிரிப்பு அடங்கும்வரை நிற்பார். படத்தில் அந்த இடைவெளியை அப்படியே விட்டால், காலி ஹாலில் ஒருவர் இருமியது போலிருக்கும். விடாமல் ஓடினால் தியேட்டர் சிரிப்பில் அடுத்த வசனம் முழுகிப் போகும். இதற்கு ஹாலிவுட்டில் இரண்டு வழி கண்டார்கள். மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஓபரா' (1935) எடுப்பதற்கு முன்னால், அதன் காமெடிக் காட்சிகளை ஊர் ஊராகப் போய் மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டு வந்து படமெடுத்தார்கள். ஹோவர்ட் ஹாக்ஸ், 1928-இன் 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகத்தை 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' (1940) ஆக்கியபோது, ஒருவர் முடிக்குமுன் மற்றவர் பேசுமாறு செய்தார். அதற்காக வசனத்தின் தலையிலும் வாலிலும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற சொற்களை ஒட்டவைத்து, முக்கியமானதை நடுவில் வைத்தார்கள். 'இல்லடா, நான் என்ன சொல்றேன்னா' என்று நாம் தொடங்குவதும், 'அதான் விஷயம்' என்று முடிப்பதும் இதற்காகவே பிறந்தவை.

தமிழில் நாடகத்திலிருந்து வந்த நல்ல காமெடிகளுக்கு இந்த அளவெடுப்பு இலவசமாகக் கிடைத்தது. 'சர்வர் சுந்தரம்' 1964-இல் படமாகுமுன் மேடையில் ஓடியது, மேடையில் நடித்த நாகேஷே படத்திலும் நடித்தார். சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா' (1972) மேடையில் தேறி வந்தது. கிரேஸி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' (1983) ஆனது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே உண்டாக்கிக்கொள்ளுங்கள். முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னக் கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கி, தெருக்காரர்களைக் கூப்பிட்டு, நடிகர்களைக் கையில் ஸ்கிரிப்டோடு வாசிக்கச் சொல்லுங்கள். டீயும் மசால்வடையும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் வாசிப்பு முடிந்த பிறகுதான். நீங்கள் மேடையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து உட்காருங்கள். மூன்றாவது வரிசைப் பாட்டி பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன சொன்னான்?' என்று கேட்டால், அந்த வரியை மாற்ற வேண்டும். நண்பர்களை மட்டும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவது வீண். அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள்.

இன்றைக்கு எடுபடாதது, எடுக்கக் கூடாதது

பழைய கேலி நாடகங்களில் வேலைக்காரனை அடிப்பதும் வைவதும் ஜோக். சாதிப் பெயரும் ஜோக். பருமனான பெண் நுழைந்தாலே ஜோக். எல்லாவற்றையும் அப்படியே எடுத்து 'அந்தக் காலத்தில் அப்படி' என்று கையை விரிப்பது சோம்பேறித்தனம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு 1942-இல் எசமானும் வேலைக்காரனும் தோளில் கைபோட்டுத் திரிந்ததாகக் காட்டுவது பொய். நாடகத்தின் உள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே அளவு அறிவு. ஒருவனுக்குச் சொத்து இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். அடிக்கும் காட்சி வந்தால், அடிக்கிறவனின் அசட்டுத்தனம் தெரிகிற மாதிரி கேமராவை அவன் முகத்தில் வையுங்கள். சிரிப்பு தானாக இடம் மாறும்.

பெண் வேடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகுண விலாச சபையில் பெண் பாத்திரங்களை ஆண்களே நடித்தார்கள்; சி. ரங்கவடிவேலு அதில் பேர்பெற்றவர். ஆகவே பழைய நாடகப் பிரதியில் மனைவி, மாமியார் பேச்சில் சில வரிகள், ஓர் ஆண் சேலை கட்டிக்கொண்டு பேசுகிறார் என்பதாலேயே சிரிப்பு வந்தவையாக இருக்கலாம். பெண் நடிகர் பேசும்போது அந்த வரி வெறும் வசை. இவற்றை முதல் வாசிப்பிலேயே உங்கள் நடிகை கண்டுபிடித்துவிடுவார். அவரைக் கேட்டு வெட்டுங்கள்.

யாரைப் போடுவது

1941 படத்தில் எனக்குப் பிடித்தது ஆள் தேர்வுதான். முழித்த கண்ணோடு ஒல்லியாக ஓர் இளைஞர் எசமான். அவரைவிட வயதில் நிறையவே மூத்த, பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ஊறிய, எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ரத்னம் வேலைக்காரன். அப்பாவாக இருக்க வேண்டியவர் 'எசமான்' என்று கைகட்டி நிற்கும்போதே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது, வசனம் எதற்கு? தமிழ் வாத்தியாராக வந்த கே. சாரங்கபாணியும் மேடை ஆள். உங்களுக்கும் சொல்கிறேன்: எசமானுக்குப் புதுமுகம் பரவாயில்லை, வேலைக்காரனுக்குத் தெருக்கூத்திலோ நாடகத்திலோ வருடக்கணக்கில் நின்றவரைத் தேடுங்கள். ஆனால் முதல் நாளே அவரிடம் மைக்கைக் காட்டி, குரலை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். மேடைக்காரருக்கு அது கழுத்தை நெரிப்பது போலிருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். உடம்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

பாட்டு? ஒன்று போதும், அதுவும் கதைக்குள்ளே யாராவது பாடினால்.

பெயரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். 2021-இல் சந்தானம் நடித்து 'சபாபதி' என்றே ஒரு படம் வந்தது, அதன் கதை வேறு. இருந்தாலும் வெறுமனே 'சபாபதி' என்று போனால் குழப்பம் வரும். 'இரண்டு சபாபதி', 'நூம்பல் சபாபதி' என்று ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். டைட்டில் கார்டில் நாடகாசிரியரின் பெயர் உங்கள் பெயருக்கு முன்னால், தனி அட்டையில், வாசிக்கிற அளவு நேரம் நிற்கட்டும். 'தழுவல்' என்ற சொல்லும் அதே அட்டையில் இருக்கட்டும். விழாக்களுக்கு அனுப்பும்போது மூலக்கதை யாருடையது என்று படிவத்தில் கேட்பார்கள், நாடகம் நாட்டுடைமையானது என்பதற்கான அரசாணை நகலைக் கையோடு வைத்திருங்கள்.